சொந்தக்காரன் இல்லாத காடு

தாமரை: கூடாரம் இல்லாம எப்படிடா போறது? மழை பேஞ்சா?

ஜெயபாண்டி: கேட்டுட்டேன்டி. விளாங்குடியில ஒரு வாடகைக் கடைக்குப் போயி, "அண்ணே, டென்ட் வேணும்"னேன். "எத்தன சேரு?"ன்னாரு.

தாமரை: சேரா?

ஜெயபாண்டி: "சேரு வேணாம்ணே, டென்ட் மட்டும்"னேன். "என்ன விசேசம், காதுகுத்தா, சடங்கா?"ன்னாரு. "கல்யாணம்"னேன். "எத்தன பேரு வருவாங்க?"ன்னாரு. "ரெண்டு பேரு"ன்னேன். மேல இருந்து கீழ வரைக்கும் ஒருக்கா பாத்தாரு. "பொண்ணு மாப்ளையவும் சேத்தா தம்பி?"ன்னாரு. "ஆமாண்ணே"ன்னேன். எந்திரிச்சு உள்ள போனவருதான், வெளிய வரவே இல்ல.

தாமரை: சிரிக்க வைக்காத.

ஜெயபாண்டி: நான் எங்க சிரிக்க வைக்கிறேன்? நடந்ததச் சொல்றேன்.

தாமரை: சரி, பையி? முதுகுல மாட்டுற பெரிய பையி வாங்கிட்டேன்னு சொன்னேல்ல?

ஜெயபாண்டி: வாங்கிட்டேன். அறுபது லிட்டர் பிடிக்கும்னு போட்டிருந்துச்சு. அம்மா அதுல வெங்காயம் கொட்டி வச்சிருக்கு.

தாமரை: வெங்காயமா!

ஜெயபாண்டி: "காத்தோட்டமா இருக்குடா, எங்க வாங்குன? நம்ம பெரியத்தைக்கும் ஒண்ணு வாங்கு"ன்னு சொல்லுச்சு. நான் என்னத்தச் சொல்ல? "அம்மா, அது நான் ஒரு பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஓடுறதுக்கு"ன்னா?

தாமரை: சொல்லியிருக்கலாம். வெங்காயத்தையாச்சும் வெளிய கொட்டியிருக்கும்.

ஜெயபாண்டி: எந்தப் பிள்ளைன்னு கேட்டிருக்கும். சரி விடு.

தாமரை: அந்த மஞ்சப்பையில என்ன?

ஜெயபாண்டி: எந்த மஞ்சப்பை?

தாமரை: ஒனக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கியே. ஜவுளிக்கடைப் பை.

ஜெயபாண்டி: ஓ, இதுவா... துணி. காட்டுக்குப் போட்டுக்கிறதுக்கு.

தாமரை: காமி.

ஜெயபாண்டி: வேணாம். போட்டுக்கிற அன்னிக்குப் பாரு.

தாமரை: ...சரி. போட்டுக்கிற அன்னிக்கே பாத்துக்கிறேன்.

ஜெயபாண்டி: வீட்டுல என்ன சொல்லிட்டு வந்த?

தாமரை: தைக்கக் குடுத்த ஜாக்கெட்ட வாங்கப் போறேன்னு. ஆனையூர்ல தையக்காரரே இல்லாத மாதிரி இந்தத் திருப்பரங்குன்றத்துல வந்து குடுத்திருக்கேன்னு அம்மாவுக்கு ஆச்சரியம். "அங்க ஒரு அக்கா நல்லா தைக்குது"ன்னேன். இப்ப அம்மா தன்னோடதையும் குடுத்து விட்டிருக்கு.

ஜெயபாண்டி: அப்ப நெசமாவே தைக்கணுமா?

தாமரை: நெசமாவே தச்சாச்சுடா. வெள்ளிக்கிழம கல்யாணத்துக்குன்னு நாலு.

ஜெயபாண்டி: ம்.

தாமரை: நீ பாட்டனிதான படிச்ச? காட்டுல எந்த எலையத் திங்கலாம், எதத் திங்கக் கூடாதுன்னு தெரியும்ல?

ஜெயபாண்டி: லத்தீன் பேரு தெரியும். திங்கலாமான்னு பரீட்சையில கேக்கல.

தாமரை: மூணு வருசத்துல ஒருக்கா கூடவா காட்டுக்குக் கூட்டிப் போகல?

ஜெயபாண்டி: கூட்டிப் போனாங்க. பஸ் டயரு வெடிச்சு, ஒரு பிரியாணிக் கடை முன்னாடி சாயங்காலம் வரைக்கும் நின்னோம். கடைக்குப் பின்னாடி நின்ன செடிய வச்சு ரெக்கார்டு எழுதினோம். பார்த்தீனியம். வெறும் களை.

தாமரை: ஒன்னைய நம்பி நான் காட்டுக்கு வாரேன்.

ஜெயபாண்டி: நாம என்ன வருசக்கணக்காவா இருக்கப் போறோம்? மேல ஏறுறோம், தாலியக் கட்டுறோம், ரெண்டு நாள் இருக்கோம், எறங்குறோம். எறங்குறப்ப புருசன் பொண்டாட்டி. அதுக்கப்புறம் எவன் என்ன பண்ணுவான்?

தாமரை: நான் ஒனக்கு அனுப்புன வீடியோவப் பாத்தியா?

ஜெயபாண்டி: பாத்தேன். அந்த வெள்ளக்காரப் பிள்ளையும் பையனும் மூட்டையக் கட்டிக்கிட்டு மலை மேல ஏறி மோதிரம் மாத்திக்கிறதுதான?

தாமரை: ஒரு சனம் இல்லடா. பனி. ஏரி. சாட்சிக்கு ஒரே ஒரு நாயி.

ஜெயபாண்டி: நமக்கும் நாய் கெடைக்கும். இந்தா பாரு, குரங்கு கூட கெடைக்குது... ஏய்! ஏய், பிஸ்கட்டு!

தாமரை: போயிருச்சு.

ஜெயபாண்டி: கவரோட போயிருச்சே. காட்டுக்குன்னு வாங்கினேன்டி.

தாமரை: காட்டுக்குத்தான் போயிருக்கு.

வெள்ளரிக்காய் விற்கும் அக்கா: வெள்ளரிக்கா வாங்குங்க சாமி. பிஞ்சு. உப்பும் மொளகாப்பொடியும் தடவித் தாரேன்.

ஜெயபாண்டி: குடுங்கக்கா, ரெண்டு.

வெள்ளரிக்காய் விற்கும் அக்கா: ரொம்ப நேரமா பாக்குறேன், பாறையில ஒக்காந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டு... யாரு, அண்ணன் தங்கச்சியா?

ஜெயபாண்டி: ...ஆமாக்கா.

வெள்ளரிக்காய் விற்கும் அக்கா: அதான பாத்தேன். மூக்கு ஒரே மாதிரி இருக்கு. இந்தாம்மா, தின்னு. அண்ணன் வாங்கிக் குடுக்குது.

தாமரை: ...குடுங்க.

வெள்ளரிக்காய் விற்கும் அக்கா: இருக்குற வரைக்கும் சண்டை சச்சரவு இல்லாம இருங்க. ஒரு எடத்துல கட்டிக் குடுத்துட்டா அப்புறம் எங்கிட்டுப் பாக்க? தங்கப்பொண்ணுக்கா வெள்ளரிக்கான்னு கேட்டா கீழ யாரும் எடத்தக் காட்டுவாங்க. வரட்டுமா?

ஜெயபாண்டி: வாங்கக்கா.

தாமரை: ஏன்டா ஆமான்னு சொன்ன?

ஜெயபாண்டி: பின்ன என்னத்தச் சொல்ல? முன்னாடி எல்லாம் அப்படித்தான சொல்லுவோம். பார்க்குல போலீஸ்காரரு கேட்டப்பயும் அண்ணன் தங்கச்சின்னுதான சொன்னோம். நீ விழுந்து விழுந்து சிரிச்ச.

தாமரை: அப்ப அது பொய்யி.

ஜெயபாண்டி: வெள்ளரிக்காயத் தின்னு.

தாமரை: மொளகாப்பொடி அதிகம்.

ஜெயபாண்டி: கண்ணத் தொடைச்சுக்க.

தாமரை: மொளகாப்பொடிதான்டா.

ஜெயபாண்டி: தெரியும். சரி, எந்தக் காடுன்னு முடிவு பண்ணு. அதான் முக்கியம். அழகர்மலை?

தாமரை: பெரியம்மா வாரா வாரம் நூபுர கங்கையில குளிக்குது.

ஜெயபாண்டி: சிறுமலை?

தாமரை: எங்க தாய்மாமன் அங்க வாழத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்காரு. ஏறுற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பாப்பாரு, தாரு ஏத்தி விட.

ஜெயபாண்டி: நாமளும் தாரோட தாரா உக்காந்துக்கிட்டா?

தாமரை: சதுரகிரி?

ஜெயபாண்டி: எங்கப்பாவோட அன்னதானக் குழு. அமாவாசை தவறாது. "பசியாறிட்டுப் போங்க"ன்னு கரண்டியோட நிப்பாரு. தாலி கட்டுன கையோட அவரு முன்னாடிதான் எலையில ஒக்காரணும்.

தாமரை: மேகமலை?

ஜெயபாண்டி: தேனியத் தாண்டிப் போகணும்.

தாமரை: ஆமால்ல.

ஜெயபாண்டி: ஒனக்குப் பேசி முடிச்ச மாப்ள வீட்டு வாசல்லயே பஸ் நிக்கும். "வாங்க மச்சான், எங்க இம்புட்டு தூரம்?"ம்பாரு.

தாமரை: கொடைக்கானல்?

ஜெயபாண்டி: அங்க அவரு ரூமு போட்டு வச்சிருக்காருன்னு நீதான சொன்ன?

தாமரை: ம். ஏரியப் பாத்த மாதிரி. படம் அனுப்புனாரு. ஜன்னல், கட்டிலு... கட்டிலு மேல ரோசாப்பூவுல அன்னம் செஞ்சு வச்சிருக்காங்க.

ஜெயபாண்டி: நல்ல மனுசன்தான் போல.

தாமரை: நல்ல மனுசன்தான்டா. அதான் கஷ்டமா இருக்கு. தெனமும் காலையில பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புறாரு. குடி கெடையாது. எங்கம்மாவோட சுகருக்கு மாத்திரை பேரு கேட்டு வாங்கி அனுப்புறாரு. கெட்டவனா இருந்தாலாச்சும் ஓடுறதுக்கு ஒரு தெம்பு வரும்.

ஜெயபாண்டி: வெள்ளக்காரன் காட்டுக்குப் போறான், அங்க ஒருத்தனும் இல்ல. நம்மூர்ல டவுனுக்குள்ள ஒளிஞ்சா கூட தெரியாது, காட்டுல பூராம் சொந்தக்காரன். மலை இருந்தா அடிவாரத்துல ஒரு சாமி, சாமி இருந்தா ஒரு பங்காளிக் கூட்டம், கூட்டம் இருந்தா ஒரு பெரியப்பா.

தாமரை: பெரியப்பா.

ஜெயபாண்டி: ...சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தாமரை: எல்லாம் அந்தச் சிவராத்திரியால வந்தது.

ஜெயபாண்டி: சிவராத்திரி என்ன பண்ணுச்சு? நாம கேக்காம விட்டது தப்பு.

தாமரை: என்ன கேக்காம விட்டோம்? முதல் நாளே ஜாதி கேட்ட.

ஜெயபாண்டி: கேக்கலடி. "உங்க ஊருப் பக்கம் என்ன பூசை?"ன்னுதான் கேட்டேன்.

தாமரை: அது ஜாதி கேக்குறதுதான். ஒரே ஜாதின்னு தெரிஞ்சதும் ஒம் மூஞ்சியப் பாக்கணுமே! வெட்டுக்குத்து கெடையாது, போலீஸ் ஸ்டேஷன் கெடையாது, நேரா பொண்ணு கேட்டு வந்துரலாம்னு எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்த.

ஜெயபாண்டி: பெருசு.

தாமரை: ஆமா, பெருசு. அப்புறம் போன்ல ஜாதகம் பாத்தோம். பத்துல எட்டுப் பொருத்தம். ரெண்டு பேரோட பிளட் குரூப்பு கூட பாத்தோம். குலசாமி என்னன்னு ஒருத்தரும் கேக்கல.

ஜெயபாண்டி: எவன்டி லவ் பண்ற பிள்ளைகிட்ட குலசாமி கேப்பான்?

தாமரை: எங்கப்பா கேட்டிருப்பாரு. மூணாவது கேள்வியே அதுதான்.

ஜெயபாண்டி: நீங்க ஆனையூர்ல வீட்டுக்குப் பின்னாடி சின்னக்கருப்புன்னு கும்பிட்டீங்க. நாங்க மலையடியில ஒத்தப்பனைக் கருப்புன்னு கும்பிட்டோம். ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கெப்படித் தெரியும்?

தாமரை: எனக்கு மட்டும் தெரியுமா? எங்க பாட்டனாரு காலத்துல அங்கிருந்து பிடிமண் எடுத்தாந்து ஆனையூர்ல வச்சுக் கும்பிட ஆரம்பிச்சாங்களாம். அம்புட்டு வருசமா ஒருத்தரும் மூலக்கோயிலுக்குப் போனதில்ல. எனக்கு வரன் அமையலன்னு கோடாங்கிகிட்ட குறி கேட்டாங்கல்ல, அவருதான் சொன்னாரு... "பிடிமண் எடுத்த எடத்த மறந்துட்டீங்க, அங்க போயி ஒரு கெடா வெட்டுங்க, பொண்ணுக்கு உடனே முடியும்"னு.

ஜெயபாண்டி: முடிஞ்சிருச்சுல்ல.

தாமரை: முடிஞ்சிருச்சு.

ஜெயபாண்டி: நீ எனக்கு மெசேஜ் போட்ட, "கோயிலுக்குப் போறோம், டவர் கெடைக்காது"ன்னு.

தாமரை: நீயும் எனக்கு அதையேதான் போட்ட. "காட்டுக்கோயிலு, ரெண்டு நாள் பேச முடியாது, அழுகாத"ன்னு. நான் வேன்ல வாந்தி எடுத்துக்கிட்டு வாரேன், எறங்குறேன், எதுக்க ஒரு மொட்டத்தல, கையில வாளியோட...

ஜெயபாண்டி: கறி வாளி.

தாமரை: எனக்கு முதல்ல அடையாளமே தெரியலடா. காதப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்.

ஜெயபாண்டி: நான் ஒன்னையப் பாத்ததும் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னையத் தேடிக்கிட்டு காட்டுக்கே வந்துட்டான்னு. எம்புட்டு தைரியம்னு. சாமி சத்தியமா பெருமையா இருந்துச்சு. அதான் உங்கப்பாகிட்ட நானா போயி, "வணக்கம் மாமா"ன்னேன்.

தாமரை: ஐயோ.

ஜெயபாண்டி: கூட்டமே சிரிச்சுச்சு. உங்கப்பா முதுகுல ஒரு தட்டுத் தட்டி, "இங்க மாமன் எவனும் வர மாட்டான்டா மகனே, இந்தச் சாமிக்கு வர்றவன் பூராம் பங்காளி. நான் ஒனக்குப் பெரியப்பா"ன்னாரு.

தாமரை: அப்புறம் என்னையக் கூப்பிட்டாரு.

ஜெயபாண்டி: ம். "தாமரே, இங்க வா. இது நம்ம பங்காளி வீட்டுப் பையன். ஒனக்கு அண்ணன் முறை. கும்பிட்டுக்க."

தாமரை: நான் கும்பிட்டேன்.

ஜெயபாண்டி: "வணக்கம்ணே"ன்ன. நல்லா சத்தமாவே சொன்ன.

தாமரை: சத்தம் போட்டுச் சொல்லலன்னா அழுதிருப்பேன்டா.

ஜெயபாண்டி: ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு ஒரே தட்டுல இருந்து விபூதி அள்ளிப் பூசி விட்டாரு. "எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்லையேன்னு இத்தன வருசமா கொறையா இருந்துச்சு, கருப்பு இன்னிக்குத்தான் காட்டியிருக்கான்"ன்னாரு. கையில கறி வாளி, நெத்தியில விபூதி... அந்த ஆளு கண்ணு கலங்குது. நான் என்ன பண்ணட்டும்?

தாமரை: நீயும் கலங்கின.

ஜெயபாண்டி: எனக்கு வேற காரணம்.

தாமரை: பூசாரிகிட்ட போயி கேட்டேன்னியே, என்ன சொன்னாரு?

ஜெயபாண்டி: "போன் நம்பர மாத்தாம கம்பெனிய மட்டும் மாத்துற மாதிரி, ஆள மாத்தாம குலசாமிய மட்டும் மாத்திக்க முடியுமா சாமி?"ன்னு கேட்டேன்.

தாமரை: அடிக்கலியா?

ஜெயபாண்டி: இல்ல, யோசிச்சுத்தான் சொன்னாரு. ஒண்ணு, நான் வேற குடும்பத்துக்குத் தத்துப் போகணுமாம். இருபத்தஞ்சு வயசுல, ரெண்டு அரியரோட என்னைய எவன் தத்தெடுப்பான்?

தாமரை: இன்னொண்ணு?

ஜெயபாண்டி: பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா தன்னால மாறிருமாம். கட்டிக் குடுத்துட்டா அவளுக்குப் புருசன் வீட்டு சாமிதான்.

தாமரை: அப்ப வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் ஒனக்குப் பங்காளி இல்ல.

ஜெயபாண்டி: இல்ல. வெள்ளிக்கிழம முகூர்த்தம் முடிஞ்ச நிமிசத்துல இருந்து நான் ஒன்னையக் கட்டிக்கலாம்.

தாமரை: ஆனா அப்ப இன்னொருத்தன் பொண்டாட்டி.

ஜெயபாண்டி: அது ஒண்ணுதான் இடிக்குது.

தாமரை: ...சிரிக்காத பாண்டி.

ஜெயபாண்டி: நான் சிரிக்கல.

தாமரை: ரிஜிஸ்டர் ஆபீஸ்ல குலசாமியெல்லாம் கேக்க மாட்டாங்கல்ல?

ஜெயபாண்டி: மாட்டாங்க. ஆதார் கேப்பாங்க, போட்டோ கேப்பாங்க. நம்ம கூட்டாளி வெள்ளைத்துரை சாட்சிக் கையெழுத்துக்கு வாரேன்னான். "சட்டப்படி நீங்க யாரோ, அவ யாரோ மாப்ள"ன்னான். கேக்கவே நல்லா இருந்துச்சு... நீங்க யாரோ, அவ யாரோ.

தாமரை: ஆறு மாசமா கூப்பிடுறான் அவன். நாம ஏன் போகல?

ஜெயபாண்டி: காட்டுல கட்டிக்கணும்னு நீதான் சொன்ன.

தாமரை: அது போன வாரம் பாத்த வீடியோடா. அதுக்கு முன்னாடி ஏன் போகல? சரி, நாம ஓடுனா என்ன ஆகும் சொல்லு. எங்கப்பா அருவாளத் தூக்கிக்கிட்டு வருவாரா?

ஜெயபாண்டி: முட்டி வலியோட எங்க வர? பங்காளிகளக் கூப்பிடுவாரு.

தாமரை: யாரக் கூப்பிடுவாரு?

ஜெயபாண்டி: பைக்கு ஓட்டத் தெரிஞ்சவனா, வயசுப் பையனா... முதல் போனு எனக்குத்தான் வரும். "மகனே, தங்கச்சியக் காணம்டா, எங்கிட்டுப் போனான்னு தேடு"ம்பாரு.

தாமரை: நீ என்ன சொல்லுவ?

ஜெயபாண்டி: "பக்கத்துலதான் இருக்கா பெரியப்பா, கூடாரத்துல வெள்ளரிக்கா திங்கிறா"ன்னு சொல்லணும்.

தாமரை: நெசமாவே சொல்லுவியா?

ஜெயபாண்டி: போன அணைச்சுப் போட்டுருவேன்.

தாமரை: முடியாது ஒன்னால.

ஜெயபாண்டி: ஏன் முடியாது?

தாமரை: சிவராத்திரிக்கு அப்புறம் நீ ஒருக்கா கூட என் கையப் பிடிக்கல.

ஜெயபாண்டி: என்னடி இது... பஸ்ல எல்லாம்...

தாமரை: பஸ்ல கம்பியப் பிடிச்ச. முதல்ல வேர்வைன்ன. அப்புறம் சளின்ன, ஒட்டிக்கும்னு. ஆடி மாசம்னு கூட ஒரு காரணம் சொன்ன. கையப் பிடிக்கிறதுக்கு எவன்டா மாசம் பாப்பான்? இப்ப பிடி. இந்தா. யாரும் இல்ல. குரங்குதான் இருக்கு.

ஜெயபாண்டி: தாமர...

தாமரை: பிடிடா.

ஜெயபாண்டி: பிடிக்க வரும்போதே அந்தச் சத்தம் கேக்குதுடி. "மகனே"ன்னு. திட்டுனாலாச்சும் பரவால்ல. அம்புட்டு பாசமா கூப்பிட்டாரு பாரு... எனக்குத் தெரியும், அது சும்மா. பத்துத் தலைமுறைக்கு முன்னாடி எவனோ ஒருத்தன், நம்ம ரத்தத்துல எந்த ஒட்டும் கெடையாது. பாட்டனி படிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். ஆனா கை கேக்க மாட்டேங்குது.

தாமரை: ம்.

ஜெயபாண்டி: ஒனக்கு அப்படி இல்லியா?

தாமரை: நீ அன்னிக்கு ரோட்டுல கூப்பிட்டப்ப, நான் திரும்பி என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

ஜெயபாண்டி: "என்னண்ணே"ன்ன.

தாமரை: வெளயாட்டுக்குச் சொன்னேன்னு சொன்னேன்ல.

ஜெயபாண்டி: ஆமா.

தாமரை: வெளயாட்டுக்குச் சொல்லல. தன்னால வந்துச்சு. கைய எடுத்துக்கிறேன். வலிக்குது, நீட்டிக்கிட்டே இருந்தா.

ஜெயபாண்டி: புதன்கிழம காலையில ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. முத வண்டி. எங்க போறதுன்னு அங்க வச்சு முடிவு பண்ணுவோம்.

தாமரை: கர்நாடகா போயிருவோமா? அங்க காடு பெருசாமே.

ஜெயபாண்டி: போவோம். அங்க ஒருத்தன் நம்மள எந்தச் சாமின்னு கேட்டாலும் நமக்கு கன்னடம் புரியாது.

தாமரை: நீ வெங்காயத்தக் கொட்டிட்டு பையக் கொண்டா. நான் ஊறுகா, உப்பு, தீப்பெட்டி.

ஜெயபாண்டி: போர்வை ரெண்டு.

தாமரை: ஒண்ணு போதாதா?

ஜெயபாண்டி: ரெண்டே இருக்கட்டும்.

தாமரை: சரி, ரெண்டு. சாட்சிக்கு?

ஜெயபாண்டி: போற வழியில ஒரு நாயப் பிடிச்சுக்குவோம்.

தாமரை: நல்ல நாயா பாத்துப் பிடி. எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச நாயா இருக்கப் போகுது.

ஜெயபாண்டி: கருப்புக் கலரு வேணாம்.

தாமரை: ஆமா, வேணவே வேணாம். வருவேல்ல பாண்டி?

ஜெயபாண்டி: வாரேன்.

தாமரை: மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஜெயபாண்டி: வாரேன்டி... தாமர.

தாமரை: ம்.

ஜெயபாண்டி: புதன்கிழம என்னால வர முடியாது. உங்கப்பா நேத்து எங்க வீட்டுக்கு வந்தாரு. உங்கம்மா, சித்தப்பா எல்லாரும். தட்டுல வெத்தல பாக்கு, பழம், துணி. நான் நெனச்சேன், தெரிஞ்சு போச்சு, கேக்கத்தான் வந்திருக்காங்கன்னு. கொல்லைப்பக்கமா ஓடச் செருப்பக் கூட மாட்டிட்டேன். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு.

தாமரை: அவராச்சும் பிடிச்சாரே.

ஜெயபாண்டி: "பொண்ணு கூடப் பொறந்தவன் இருந்தா மாப்ளைக்கு மாலையப் போட்டு, மோதிரத்தப் போட்டு, கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டியாரணும். எனக்கு அதுக்கு நாதியில்ல. நீதான்டா எம் பிள்ளையா நின்னு செய்யணும்"னாரு. புதன்கிழமையே மண்டபத்துக்கு வந்துரணுமாம். பந்தக்கால்ல இருந்து நான்தான் நிக்கணுமாம்.

தாமரை: நீ என்ன சொன்ன?

ஜெயபாண்டி: எங்கம்மா சந்தோசத்துல அழுகுது. அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு. அம்புட்டு பேரும் என்னையவே பாக்குறாங்க... "சரி பெரியப்பா"ன்னுட்டேன்.

தாமரை: பெரியப்பான்னே சொல்லிட்டியா?

ஜெயபாண்டி: தன்னால வந்துச்சு.

தாமரை: ம்.

ஜெயபாண்டி: திட்டுடி. ரெண்டு அடி கூட அடி. ஒரு மணி நேரமா ஒன்னைய ஒக்கார வச்சு டென்ட்டு, போர்வைன்னு பேசிக்கிட்டு இருக்கேன். சொல்ல வாய் வரல. கடேசியா ஒருக்கா பேசிக்குவோம்னு...

தாமரை: நல்லாத்தான் இருந்துச்சு பேச.

ஜெயபாண்டி: எனக்கு ஒண்ணுதான் ஆறல. உங்க பக்கம் எங்க பக்கம்னு அம்புட்டு பங்காளி வீடு இருக்கு. எல்லா வீட்டுலயும் பையன் இருக்கான். அழகுபாண்டி இருக்கான், ஜிம்முக்கு எல்லாம் போயி நல்லா நிப்பான். அத்தன பேரையும் விட்டுட்டு எம் பேர எந்தப் புண்ணியவாளன் உங்கப்பாகிட்ட எடுத்துக் குடுத்தான்னு தெரியல.

தாமரை: சட்டை சரியா இருந்துச்சா?

ஜெயபாண்டி: எந்தச் சட்டை?

தாமரை: மஞ்சப்பையில இருக்குறது. பட்டு வேட்டி, சந்தனக் கலருச் சட்டை. கையி நீளமா இல்லையே?

ஜெயபாண்டி: இல்ல... அளவெடுத்துத் தச்ச மாதிரி... தாமர, ஒனக்கு எப்படி...?

தாமரை: அளவு சொன்னது நான். ஒம் பேரச் சொன்னதும் நாந்தான் பாண்டி... வேற எப்படிடா ஒன்னையப் பாக்குறது? அண்ணன்னு ஆயிட்டா, வருசா வருசம் பொங்கச் சீரத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு வாசலுக்கு நீ வந்துதான ஆகணும்... வருவேல்ல?